கிளட்சுக்கு எண்பத்தைந்தாயிரம்: செலவு செய்வதா, வண்டியைத் தள்ளிவிடுவதா?

வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். எண்பத்தைந்தாயிரம். ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டரை லட்சம்கூட இருக்கும். வண்டியை விற்கப் போனால் மூன்று லட்சம் கிடைத்தால் பெரிய விஷயம். "போற விலையில இவ்வளவு பெரிய பங்க ரிப்பேருக்கே கொட்டணுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு குழப்பங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, "கியர் பாக்ஸ் போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் ஐந்நூறு ரூபாய் வேலையும் அடக்கம், இரண்டரை லட்ச வேலையும் அடக்கம். இரண்டாவது, ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடும் பழக்கம். எல்லோரும் அப்படித்தான் ஒப்பிடுகிறோம். அது தப்புக் கணக்கு. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் கெட்டுப்போனது எது என்று தெரிய வேண்டும்.

எது எங்கே இருக்கிறது

இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் நின்று நின்று போகும். இரண்டையும் சேர்த்துப் பிரிக்க நடுவில் ஒன்று வேண்டும். அதுதான் கிளட்ச். விலையைப் புரிந்துகொள்ள நான்கு பகுதிகளைத் தனித்தனியாகப் பார்த்தால் போதும்.

1. கிளட்ச் செட்: கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங். பிரேக் ஷூ போல இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. நாற்பதாயிரம் கிலோமீட்டரில் தீர்த்துவிடுபவரும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டி ஓட்டுபவரும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் இடது காலில் இருக்கிறது.

2. ஃப்ளைவீல்: இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் கனமான சக்கரம். கிளட்ச் பிளேட் இதன் முகத்தில்தான் ஒட்டிப் பிடிக்கிறது.

3. கியர் பாக்ஸ்: உள்ளே ஷாஃப்ட், பல் சக்கரங்கள், பேரிங்குகள், வேகத்தைச் சமப்படுத்தி கியரை விழவைக்கும் சிங்க்ரோனைசர் வளையங்கள். ஆயில் இருந்தால் வண்டியின் ஆயுளுக்கும் உழைக்கக்கூடியது.

4. கட்டளை கொண்டுபோகும் பகுதி: கியர் கேபிள், கிளட்ச் கேபிள் அல்லது ஹைட்ராலிக் சிலிண்டர். ஆட்டோமேட்டிக்கில் இதே வேலையை ஆக்சுவேட்டர், வால்வ் பாடி, மெக்கட்ரானிக் யூனிட் என்று பல பெயர்களில் எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது.

முதலாவது தேயும். மூன்றாவது அரிதாகவே கெடும். நான்காவது கெட்டால், மூன்றாவது கெட்டதுபோலவே காட்டிக்கொள்ளும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஆள்மாறாட்டத்தில்தான்.

கியர் பாக்ஸ் பெட்டியை இறக்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் போவதற்கு முன், வீட்டு வாசலிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் இவை. மேனுவல் வண்டிகளுக்கு மட்டும்.

1. இன்ஜின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை. ஆஃப் செய்தால் எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுகிறது. அப்படியானால் கியர் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெடல் தொளதொளவென்று தரையோடு போய்விட்டால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலோ கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவு இருக்கலாம். ஸ்லேவ் வெளியே மாட்டியிருக்கும் வண்டிகளில் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும் வேலை. கேபிள் கிளட்ச் என்றால் கேபிளைச் சரிசெய்வதோடு முடிந்தாலும் முடியும்.

2. நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் ஏறுகின்றன, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருக்கலாம். இரண்டாவது என்றால் சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் அதே கதிதான்.

3. நியூட்ரலில் வண்டி நிற்கிறது. பெடலில் கால் இல்லாதபோது கரகரவென்று சத்தம், மிதித்ததும் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்.

4. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மட்டும், வேகமாக மாற்றும்போது 'கர்ர்' என்று அரைக்கிறது. நிதானமாகப் போட்டால் விழுகிறது. சிங்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்கிறது. நிதானமாக மாற்றிக்கொண்டே பல மாதம் ஓட்டலாம், அவசரம் இல்லை.

5. வேகம் ஏற ஏற 'உய்ய்' என்ற ஊளை. எல்லோரும் கியர் பாக்ஸ் என்பார்கள். காலியான சாலையில் லேசாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

6. கியர் லீவர் கஞ்சிக் கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஆடுகிறது. பெரும்பாலும் கேபிள் முனையில் இருக்கும் புஷ் என்ற சின்ன வளையம் போயிருக்கும். ஐந்நூறு ரூபாய் வேலை என்று சொன்னது இதைத்தான்.

ஆட்டோமேட்டிக்கில் கண்ணையும் காதையும் நம்பிப் பயனில்லை. ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோடு எடுக்காமல் "மெக்கட்ரானிக் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மேனுவல் கியர் பாக்ஸைத் தானாக மாற்றும் ஏஎம்டி வகை வண்டிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆக்சுவேட்டரின் பம்ப் பேட்டரி மின்சாரத்தில் ஓடுவதால், பேட்டரி பலவீனமானாலே கியர் விழாமல் அடம்பிடிக்கும். பேட்டரியைச் சோதிப்பதற்கு முன் ஆக்சுவேட்டருக்கு எஸ்டிமேட் போடக் கூடாது.

ஏன் ஒரு வண்டிக்குப் பத்தாயிரம், இன்னொன்றுக்கு இரண்டரை லட்சம்?

சின்ன பெட்ரோல் மேனுவல் காரில் கிளட்ச் மாற்றுவது எளிது. கியர் பாக்ஸை இறக்கி, மூன்று பொருளை மாற்றி, ஏற்றுகிறார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் பார்ட்ஸும் கூலியும் சேர்த்துப் பத்தாயிரத்தை ஒட்டி முடியும். இந்த வகையில் "செய்யலாமா" என்று யோசிக்கவே வேண்டாம். பாடி நன்றாக இருந்தால் செய்துவிடலாம்.

டீசல் வண்டிகளில் பலவற்றுக்கு இரட்டை நிறை ஃப்ளைவீல் உண்டு. டூயல் மாஸ் என்பார்கள். சக்கரத்தை இரண்டாகப் பிரித்து நடுவே ஸ்பிரிங்குகள் வைத்து டீசலின் அதிர்வை உறிஞ்சும் ஏற்பாடு. ஓட்ட சுகம், செலவு வரும்போது வலி. சாதாரண ஃப்ளைவீல் தேய்ந்தால் லேத்தில் கொடுத்து முகம் சீவி மறுபடி போடலாம். இதில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் முழுதாக மாற்றுவதுதான் வழி. கிளட்ச் செட்டைவிட ஃப்ளைவீல் விலை அதிகம் என்ற விசித்திரம் இங்கேதான்.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர் பாக்ஸுக்கு ரோபோ கை பொருத்தியது. 2014 பிப்ரவரியில் மாருதி செலெரியோவோடு இந்தியாவுக்கு வந்தது. கிளட்ச் அதே சாதாரண உலர் கிளட்ச், அதாவது ஆயிலில் மூழ்காதது. விலையும் அதையொட்டியே இருக்கும். மாற்றிய பிறகு ஸ்கேனரில் புது பிளேட்டுக்கு ஏற்ப அளவை மறுபடி கற்பிக்க வேண்டும், அவ்வளவுதான். விலை உயர்ந்தது ஆக்சுவேட்டர்.

டிசிடி எனப்படும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வேறு சங்கதி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால் மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஆனால் உலர் கிளட்ச் வகையில் நெரிசல்தான் எமன். கிண்டி கத்திப்பாராவில் அங்குலம் அங்குலமாக நகரும்போது மனிதன் ஹாஃப் கிளட்ச் வைப்பதைப் போல இயந்திரமும் வைக்கிறது, சூடேறுகிறது, நடுங்குகிறது. இது தனிப்பட்ட ஓட்டுநர்களின் குறை மட்டும் அல்ல. ஃபோக்ஸ்வாகன் 2013இல் சீனாவில் டிசிடி கோளாறுக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. ஆஸ்திரேலியாவில் பவர்ஷிஃப்ட் என்ற டிசிடி பொருத்திய ஃபோர்டு வண்டிகள் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

எனவே பெரிய எஸ்டிமேட் வந்தால் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் சேஸிஸ் நம்பருக்கு ரீகால் அல்லது நீட்டித்த வாரன்டி ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது.

சிவிடி (பல் சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடுவது), டார்க் கன்வெர்டர் (ஆயில் வழியே இழுவையைக் கடத்துவது) என்ற ஆட்டோமேட்டிக் வகைகளில் நோய்க்கு மூலம் பெரும்பாலும் ஆயில். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருப்பதில் யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. ஆயில் மாற்றிப் பார்த்து ஒரு மாதம் கவனித்துவிட்டு அடுத்ததை யோசிப்பது பல நேரம் மலிவான சோதனை.

பிரித்த பிறகு மேஜையில்

மேனுவல் வண்டியில் உண்மை தெரிவது பெட்டி இறங்கிய பிறகுதான். அந்த நேரத்தில் நேரில் போய் நிற்பது நல்லது. "நீங்க போங்க சார், நாங்க போன் பண்றோம்" என்றாலும் நில்லுங்கள்.

கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழுப்பு நிற லைனிங். அதைப் பிடித்திருக்கும் பித்தளை ரிவெட்டுகள் சின்னக் குழிக்குள் இருக்கும். நகத்தை வைத்தால் குழியின் ஆழம் தெரிய வேண்டும். ரிவெட்டின் தலை லைனிங்கோடு சமமாக வந்திருந்தால் பிளேட் முடிந்தது. நகம் நன்றாக இறங்குகிறது, ஆனாலும் ஸ்லிப் ஆகிறது என்றால் ஆயில் நனைந்திருக்கும். விரலில் ஒட்டும், வாடையும் சொல்லும். அடுத்து பிரஷர் பிளேட்டின் முகம். வெள்ளியாய் மினுங்கினால் சரி. மயில் கழுத்துபோல நீலத் திட்டுகள் இருந்தால் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஹாஃப் கிளட்சிலேயே ஏற்றியவர்கள், அந்தக் கருகிய வாடையை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

கியர் ஆயிலை வடிக்கும்போது பாத்திரத்தைப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். கைக்கு அகப்படும் துணுக்குகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எஸ்டிமேட் இனிமேல்தான் வளரும். பால் விட்ட டீ நிறத்தில் ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னை ஒர்க்‌ஷாப்புகளில் இந்த நிறம் அடிக்கடி பார்த்தது. கியர் பாக்ஸின் மேலிருக்கும், காற்று போய்வரும் பிரீதர் துளை தண்ணீரில் மூழ்கினால் போதும்.

பெட்டி கீழே இருக்கும்போதே செய்துவிட வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் பக்க ஆயில் சீல், ஆக்சில் சீல்கள், உள்ளேயே ஸ்லேவ் சிலிண்டர் இருந்தால் அதுவும். ஒவ்வொன்றும் சின்ன விலை. ஆனால் பின்னால் தனியாகச் செய்தால் இறக்கி ஏற்றும் கூலி இன்னொரு முறை. ஆயில் ஊற்றும்போது கையேட்டில் சொன்ன தரமா என்று கேளுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை சிங்க்ரோனைசரை அரிக்கக்கூடும்.

இப்போது கணக்கு

ரிப்பேர் செலவை வண்டி விலையோடு ஒப்பிடாதீர்கள் என்றேன். ஒப்பிட வேண்டியது இப்படி: இந்த வண்டியை இன்று, கெட்டுப்போன நிலையிலேயே தள்ளினால் என்ன கிடைக்கும்? அதோடு ரிப்பேர் செலவைக் கூட்டுங்கள். அதுதான் "ரிப்பேர் ஆன இந்த வண்டியை நான் இன்று வாங்கும் விலை". அந்த விலைக்கு வெளியே இதைவிட நல்லது கிடைக்குமா என்பதே கேள்வி.

இரண்டு மாதிரி. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

1. 2016 டீசல் செடான், 1,10,000 கி.மீ. கிளட்ச் செட், டூயல் மாஸ் ஃப்ளைவீல் சேர்த்து எஸ்டிமேட் 85,000. நல்ல நிலையில் 3,50,000 போகும். இப்படியே தள்ளினால் 2,50,000. கூட்டினால் 3,35,000. கிளட்ச் புதிதாக, வரலாறு முழுவதும் தெரிந்த வண்டி, சந்தை விலையைவிடப் பதினைந்தாயிரம் குறைவாக. செய்யலாம். விற்கவே நினைத்தாலும் செய்துவிட்டு விற்பது மேல். காரணம், கெட்ட வண்டியை வாங்குபவர் ரிப்பேர் செலவை மட்டும் கழிக்க மாட்டார்; தன் பயத்துக்கும் ஒரு தொகை கழிப்பார்.

2. 2014 டிசிடி ஆட்டோமேட்டிக். எஸ்டிமேட் 2,40,000. நல்ல நிலையில் 3,20,000. இப்படியே 1,40,000. கூட்டினால் 3,80,000. சந்தையில் 3,20,000க்குக் கிடைப்பதை அறுபதாயிரம் அதிகம் கொடுத்து வாங்குகிறீர்கள். விற்பதற்காகச் செய்தால் நேரடி நட்டம். வைத்து ஓட்டத்தான் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். நான்கு ஆண்டு ஓடினால் மாதம் ஐயாயிரம். பதிலுக்குப் புது வண்டி எடுத்தால் ஏழு லட்சக் கடனுக்கு 9.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கு மாதத் தவணை 11,440ஐ ஒட்டி வரும். முடிவில் புது வண்டிக்கு ஒரு விலை மிஞ்சும், பழையதுக்கு மிஞ்சாது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது மாதிரியில் "நான்கு ஆண்டு ஓடினால்" என்பதுதான் கனமான வார்த்தை. அதை நம்பலாமா என்று பார்க்க, அடுத்த இரண்டு ஆண்டில் வரப்போகும் மற்ற செலவுகளைத் தாளில் எழுதுங்கள்: டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன், டயர், ஏசி கம்ப்ரஸர். அந்தப் பட்டியல் ஒரு லட்சத்தைத் தொட்டால் முடிவு தானாகவே தெரிந்துவிடும். அடிப்பாகத்தில் துரு ஏறிய வண்டிக்கு, குறிப்பாகக் கடற்கரை ஊர்களில் ஓடியதற்கு, பெரிய கியர் பாக்ஸ் செலவே வேண்டாம் என்பது என் கருத்து.

போன மாதம்தான் நாலு டயர் போட்டேன் என்று மனசு இழுக்கும். அந்தப் பணம் போனது போனதுதான். டயர் புதிது என்பதால் இனி டயர் செலவு இல்லை; அந்த அளவுக்கு மட்டும் கணக்கில் சேர்க்கலாம்.

எங்கே செய்வது, எந்தப் பார்ட்ஸ்

கம்பெனி பேக்கிங்கில் வரும் கிளட்சை பெரும்பாலும் கார் நிறுவனம் தயாரிப்பதில்லை. லூக், வலியோ, எக்ஸெடி போன்றவர்கள் செய்துகொடுப்பது; லூக் ஓசூரிலேயே தயாராகிறது. அதே தயாரிப்பாளரின் சொந்தப் பேக்கிங்கில், சென்னை ஜிபி ரோடு போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவு பிளேட்டைத் தவிர்க்கலாம். கூலி இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும்.

புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த முழு கியர் பாக்ஸ் கிடைக்கும். மேனுவலுக்கு இது நல்ல வழி: உள்ளே நொறுங்கிய பெட்டியைப் பிரித்துக் கோப்பதைவிட இன்னொரு பெட்டியை ஏற்றுவது மலிவாக முடியும். வாங்குமுன் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றி எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். மாற்றித் தருவதற்கு எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். டிசிடிக்கும் சிவிடிக்கும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். எலெக்ட்ரானிக் யூனிட்டை உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றி எழுத முடியாமல் போனால் வாங்கியது இரும்பு விலைக்குத்தான் போகும்.

வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கு மென்பொருளும் பார்ட்ஸும் கிடைக்காத சிக்கல் பழையது. இதற்காகவே 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு முதலில் வந்த கவலையும் பார்ட்ஸ்தான். உங்கள் வண்டியின் மாடல் நின்றுபோயிருந்தால், விலை கேட்பதற்கு முன் பார்ட்ஸ் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். மூன்று மாதம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்குப் பதிலாக ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசும் செலவுதான்.

பழைய எஸ்டிமேட் கையில் இருந்தால் புதிது கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்த பார்ட்ஸ் 18 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எண்பதாயிரம் ரூபாய் பார்ட்ஸில் ஆறாயிரத்துக்கு மேல் குறையும்.

முடிவைக் குழப்பும் இரண்டு வதந்திகள்

1. "பதினைந்து வருஷம் ஆனா வண்டி ஓட்ட முடியாது, அதுக்கு எதுக்குச் செலவு?" டெல்லித் தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு டீசலுக்கும் பதினைந்தாண்டு பெட்ரோலுக்கும் வந்த தடையைக் கேட்டுப் பரவியது இது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்கு அப்படி ஒரு தடை இல்லை. பதினைந்தாம் ஆண்டில் தகுதிச் சோதனை காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆர்சியைப் புதுப்பிக்கலாம். ஆகவே பன்னிரண்டு வயது வண்டிக்கு இன்னும் மூன்று ஆண்டுதான் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

2. "இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணிக்கலாம்." சாதாரண முழுப் பாலிசியும் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. கிளட்ச் பிளேட் தேய்ந்ததற்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். விபத்தில் கியர் பாக்ஸ் உடைந்தால் கிடைக்கும். வெள்ளத்தில் தண்ணீர் புகுந்து கெட்டால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்து அதில் கியர் பாக்ஸும் சேர்ந்திருந்தால் கேட்கலாம். ஒரு நிபந்தனை: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல் டோ செய்து கொண்டுபோயிருக்க வேண்டும்.

தள்ளிவிடுவது என்று முடிவானால், குறையை மறைக்காமல், எஸ்டிமேட் தாளோடு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். தாளில் 85,000 என்று இருக்கும்போது "ரெண்டு லட்சம் ஆகும் சார்" என்று அடித்துப் பேச வாங்குபவருக்கு இடம் இருக்காது.